துண்டுப் பாக்கெட்டுகளுக்கு வழிவிட்ட காலை

எங்கள் பழைய காரியாலயத்துக்குப் புதிய ரவுட்டர் வந்திருக்கிறதாம். அதன் அமைப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம். அதில் சரி அடையாளம் போட்டுவிட்டால், மேலதிக ஹெடர் வைத்துக்கொண்டு வரும் பாக்கெட்டுகள் அத்தனையையும் அது வாசலிலேயே கொட்டிவிடுமாம். "போடவா, வேணாமா மேடம்?" என்று இப்போது அங்கே பொறியியலாளராக இருக்கும் பர்வின் போன மாதம் தொலைபேசியில் கேட்டார். நான் குண்டசாலையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு கையில் கெளவல்லா மீன், மறு கையில் தொலைபேசி. "இப்ப போட வேணாம்மா. நான் எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பர்வினுக்கான விடை ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. அந்த விடையை எனக்குத் தந்த மனிதர்களைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வேறு தொழில் செய்கிறவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் நாம் அனுப்புவதெல்லாம் சிறுசிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஹெடர் என்ற பகுதி உண்டு. யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பது அதில் இருக்கும். அது கட்டாயமானது. அதற்குப் பின்னால், தேவைப்பட்டால் மட்டும், மேலதிக ஹெடர்களும் வைக்கலாம். 'இது ஒரு பெரிய செய்தியின் துண்டு, மற்றத் துண்டு பின்னால் வருகிறது' என்று ஒன்று சொல்லும். 'உள்ளே இருப்பது பூட்டப்பட்டது, பூட்டைத் திறக்கும் வழி இது' என்று இன்னொன்று சொல்லும். 'வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் நின்று என்னைப் படிக்க வேண்டும்' என்று கேட்கும் ஹெடரும் உண்டு. அதுதான் தொல்லை. ரவுட்டர் சாதாரணப் பாக்கெட்டுகளை நின்று பார்க்காமல் தள்ளிவிடும். அப்படித்தான் அதற்கு அந்த வேகம். நின்று படிக்கச் சொல்லும் பாக்கெட்டை மட்டும் தன் சிறிய மூளைக்கு அனுப்பும். அந்த மாதிரிப் பாக்கெட்டுகளை யாராவது வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் அனுப்பினால் மூளை திணறி ரவுட்டர் படுத்துவிடும். இதற்குப் பயந்துதான் பல இடங்களில் மேலதிக ஹெடர் உள்ள எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிவிடுகிறார்கள்.

நான் மடுல்கெல்லையில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் நின்றார். கண்டியில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தேன், டிப்ளோமா முடித்தேன், இணையச் சேவை கொடுக்கும் ஒரு கம்பனியின் கண்டிக் காரியாலயத்தில் சேர்ந்தேன். கொழும்பில் நடந்த ஆரம்பப் பயிற்சியில் இன்றைக்கு எனக்கு நினைவிருப்பது குளிரூட்டியின் குளிரும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த தூக்கமும்தான். தொழிலைக் கற்றது கண்டியில், தாஹிர் சேரிடம்.

தாஹிர் சேர் அக்குறணைக்காரர். கண்டிக் காரியாலயத்தின் நெட்வேர்க் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கென்று கண்ணாடித் தடுப்புக்குள் ஓர் அறை இருந்தது. அதில் அவர் இருந்ததைவிட அவருடைய குடை இருந்த நேரம் அதிகம். யாராவது சிக்கலான வேலையில் இருந்தால் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அருகில் உட்காருவார். கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பால் விடாத ப்ளேன்டி குடிப்பார். எத்தனை அவசரமென்றாலும் மற்றவருடைய விசைப்பலகையில் கை வைக்க மாட்டார். நாம் அடித்த கட்டளையை உதடு அசையப் படிப்பார். பிறகு, "இப்ப அமத்துங்க" என்பார். அந்தச் சொல் வருவதற்கு முன் என்டரைத் தட்டும் பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

நான் சேர்ந்த புதிதில், அதாவது இணைய முகவரி முறையின் ஆறாம் பதிப்பு (IPv6) வருவதற்கு வெகு முன்னால், பழைய முறைப் பாக்கெட்டுகளிலும் இப்படி 'ஒப்ஷன்' என்று மேலதிகப் பகுதிகள் இருந்தன. பாதுகாப்புப் புத்தகங்கள் எல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொல்லின: ஒப்ஷன் உள்ள பாக்கெட்டுகளைத் தடுத்துவிடுங்கள். நானும் அந்தக் கட்டளையை அழகாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு தாஹிர் சேரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து உட்கார்ந்து படித்தார். "இதுல யார்ட பாக்கெட் எல்லாம் ஈக்கி?" என்று கேட்டார்.

"தெரியாது சேர். புத்தகத்துல தடுக்கத்தான் சொல்லியிருக்கு."

"புத்தகம் எழுதின மனிசன் கண்டிக்கு வந்தவரா?" என்று கேட்டுச் சிரித்தார். "வெட்ட வேணாம். மொதல்ல எண்ணுங்க."

அன்று அவர் சொல்லித்தந்த முறையைத்தான் ஓய்வு பெறும் வரை பின்பற்றினேன். ஒரு வகைப் பாக்கெட்டைத் தடுக்க நினைத்தால், முதலில் தடுக்கிற விதியைப் போடக்கூடாது. அதே பாக்கெட்டுகளை இனங்கண்டு, எண்ணிக்கொண்டு, போக விடுகிற விதியைப் போட வேண்டும். வேலை நாட்களும் விடுமுறையும் மாத முடிவும் அதற்குள் அடங்கும் வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை ஏறினால் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று தேடி, அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். கடைசியில்தான் வெட்டு. வெட்டினால், அந்த விதிக்குப் பக்கத்திலேயே ஏன் வெட்டினோம், யாரிடம் கேட்டோம் என்று பின்னால் வருகிறவருக்குப் புரிகிற மாதிரி குறிப்பெழுத வேண்டும்.

எண்ணினோம். பெரும்பாலும் பூச்சியம்தான். ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை ஒழுங்காகச் சிறு பாக்கெட்டுகள் வந்தபடி இருந்தன. அது பேராதனைப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையம். கூப்பிட்டுக் கேட்டபோது அங்கிருந்த விரிவுரையாளர் ஒருவர், "நாங்க கொழும்பு லெக்சர நேரடியா திரையில பாக்குறோமே" என்றார். ஒரே ஒளிபரப்பைப் பல இடங்களுக்குச் சேர்த்து அனுப்பும் முறை அது. 'எங்களுக்கும் அனுப்பு' என்று அந்த நிலையம் எங்கள் ரவுட்டரிடம் கேட்கும் சின்னப் பாக்கெட்டில் ஓர் ஒப்ஷன் இருந்தது. புத்தகம் சொன்னபடி வெட்டியிருந்தால் அவர்களுடைய திரை இருண்டிருக்கும். ஏன் இருண்டது என்று கண்டுபிடிக்க எத்தனை நாள் போயிருக்குமோ தெரியாது.

தாஹிர் சேர் எல்லாவற்றையும் போகவிடுகிற ஆள் என்று இதை வைத்து நினைத்துவிடக்கூடாது. எந்தப் பாதையில் போக வேண்டும் என்று அனுப்பியவரே ரவுட்டர்களுக்குக் கட்டளை போடும் ஒப்ஷன் ஒன்றும் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் பின்பக்கமாக நுழையத்தான் அதை அநேகமாகப் பயன்படுத்துவார்கள். அதைப் பார்த்ததும், "இதுக்கு இரக்கம் வேணாம்" என்றார். அன்றே வெட்டினோம். அதற்கும் குறிப்பு எழுத வைத்தார்.

இனி அந்தக் காலையைப் பற்றிச் சொல்கிறேன்.

அது இணையத்தின் ஆறாம் பதிப்பு எங்கள் மலைப்பகுதி இணைப்புகளுக்கெல்லாம் வந்து சில வருடங்கள் ஆன காலம். ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய வைத்தியசாலைக்கு நாங்கள் கம்பியில்லா இணைப்பொன்று கொடுத்திருந்தோம். அந்த வைத்தியசாலையில் நல்ல ஸ்கான் இயந்திரம் இருந்தது. அதில் தெரிவதைப் படித்துச் சொல்லும் நிபுணர் கண்டியில் இருந்தார். இரண்டு இடத்துக்கும் நடுவே பூட்டிய பாதை ஒன்று கட்டியிருந்தோம். டனல் என்போம். நோயாளிகளுடைய விபரம் வெளியே கசியக்கூடாது என்பதற்காக அந்த இணைப்பில் டனலைத் தவிர வேறெதுவும் போகாதபடிதான் அமைத்திருந்தோம். ஸ்கான் படம் அசைய அசையக் கண்டிக்கு வரும். நிபுணர் பார்த்துக்கொண்டே பேசுவார்.

அன்று விடியும்போதே மழை. கண்டி நகரமே மூடுபனிக்குள் இருந்தது. நான் காரியாலயத்துக்குள் நுழையும்போது எங்கள் பிரதான ரவுட்டர் திணறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து எங்கோ, 'ஒவ்வொரு ரவுட்டரும் நின்று படி' என்ற ஹெடர் வைத்த பாக்கெட்டுகள் அருவி மாதிரிக் கொட்டின. மற்ற ரவுட்டர்களுடனான தொடர்பு அறுந்து அறுந்து ஒட்டியது. வங்கிக் கிளைகள், தபால் நிலையங்கள், பொலிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்புகள்.

கொழும்புத் தலைமைக் காரியாலயத்தில் அன்று கடமையில் இருந்தவர் ருவன். கெட்டிக்காரப் பையன். அவர் சிங்களத்தில் பேசுவார், நான் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பதில் சொல்வேன், இருவருக்கும் விளங்கும். அவர் மேலிடத்தின் உத்தரவோடு எல்லா மாகாண ரவுட்டர்களிலும் ஒரே விதியைப் போட்டார். முதல் ஹெடரை அடுத்துச் சாதாரணமாக வரும் மூன்று வகைச் செய்திகள் மட்டும் போகலாம். அதற்கு நடுவே வேறு எந்த ஹெடர் இருந்தாலும் பாக்கெட் கொட்டப்படும். நெருப்புப் பிடித்த வீட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர் எந்தக் கதிரை நனைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சில நிமிடங்களில் எங்கள் ரவுட்டர் மூச்சு விட்டது. "அனே ருவன், பெரிய உதவி" என்று நானே நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது.

"வணக்கம், நான் டொக்டர் மயூரன் கதைக்கிறன். எங்கட ஹொஸ்பிட்டல் லைன் வேலை செய்யேல்லை. கொஞ்சம் அவசரம்." யாழ்ப்பாணக் குரல். பதற்றத்தை அடக்கிக்கொண்டு பேசுகிற இளம் வைத்தியரின் குரல்.

"சொல்லுங்க டொக்டர். எப்ப இருந்து?"

"காலமை ஸ்கான் மெஷினைப் போட்டாப் பிறகுதான் பாத்தன். டனல் எழும்புதில்லை. தொடங்குது, பிறகு அப்பிடியே நிண்டிடுது. இஞ்ச ஒரு பொம்பிளை நெஞ்சு நோவோட வந்திருக்கிறா. பிரஷர் இறங்கிக்கொண்டு போகுது. ஈ.சி.ஜி.யைப் போனில படமெடுத்து அனுப்பிப் பாத்தன். இதை வச்சு ஒண்டும் சொல்லேலாது, இதயம் அசையிறதைக் காட்டு எண்டு நிபுணர் சொல்லுறார்."

"ஆம்புலன்ஸ்ல கண்டிக்கு அனுப்ப..."

"றோட்டில மண் சரிஞ்சு கிடக்குது அக்கா. ஒரு வாகனமும் வராது, போகாது. போன் வீடியோவும் இந்த மழைக்குப் பிடிக்குதில்லை." பேச்சோடு பேச்சாக 'அக்கா' என்று வந்துவிட்டது. "கட்டி கரைக்கிற ஊசி இருக்கு. மாரடைப்பெண்டா அதைப் போட்டாத் தப்புவா. ஆனா வேற வருத்தமா இருந்தா அந்த ஊசியே ஆளை முடிச்சிடும். எனக்குப் போடவும் பயமா இருக்கு, போடாம இருக்கவும் பயமா இருக்கு."

பின்னால் ஒரு பெண்ணின் முனகலும், "தண்ணி குடு, தண்ணி குடு" என்று ஓர் ஆணின் குரலும் கேட்டது. நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கேட்ட அதே பேச்சு.

"லைன வைக்காதீங்க டொக்டர். ஸ்பீக்கர்ல போட்டு ஓரமா வச்சுட்டு நீங்க அவங்கள பாருங்க. நான் இங்க இருந்து பாக்குறேன்" என்றேன்.

தாஹிர் சேர் அதற்குள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அருகில் உட்கார்ந்துவிட்டார். 'தொடங்குது, பிறகு நிண்டிடுது' என்று வைத்தியர் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டனல் எழும்பும்போது இரண்டு பக்கமும் முதலில் ஒரு சின்ன வணக்கம் பரிமாறிக்கொள்ளும். அது சிறிய பாக்கெட், போய்விடும். அடுத்து, நான்தான் இன்னார் என்று நிரூபிக்கும் சான்றிதழை அனுப்பும். அது பெரியது. ஒரு பாக்கெட்டில் அடங்காமல் துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு துண்டிலும் துண்டு ஹெடர் இருக்கும்.

"சேர், துண்டுகள் செத்திட்டிருக்கு" என்றேன்.

"நெனக்கிறதா, தெரியுமா?"

எண்ணும் விதி ஒன்றை எழுதினேன். அந்த வைத்தியசாலையின் முகவரியிலிருந்து வரும் துண்டு ஹெடர் பாக்கெட்டுகளை மட்டும் அது எண்ணும். போட்டவுடன் எண்ணிக்கை ஏறியது. சற்று நின்றது, மறுபடி ஏறியது. மலையில் இருந்த இயந்திரம் விடை வராததால் அதே சான்றிதழைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அது எங்கள் வாசல் வரை வந்து, எங்கள் கையாலேயே கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

ருவனை மற்றத் தொலைபேசியில் பிடித்தேன். நிலைமையைச் சொன்னேன். "அக்கே, எனக்கு நீக்க அதிகாரமில்லை. தாக்குதல் இன்னும் நிற்கவில்லை, வெளி வாசலில் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. கண்டி ரவுட்டர் விழுந்தால் மலைநாடு முழுவதும் போகும். பெரியவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், நான் ஆள் அனுப்பிக் கேட்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. மலையில் இன்னும் எத்தனை வைத்தியசாலைகள் அதே ரவுட்டரை நம்பியிருக்கின்றன என்பது எனக்கும் தெரியும்.

ஸ்பீக்கரில் மயூரன், "அம்மா, கண்ணை மூடாதேங்கோ, என்னைப் பாருங்கோ" என்று சொல்வது கேட்டது.

தாஹிர் சேர் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். "ருவன், தாஹிர் பேசுறேன். கண்டி ரவுட்டர்ல ஒரு மாத்தம் செய்யப் போறோம். சொன்னது நான். ஏதும் ஆனா என்ட பேரைச் சொல்லுங்க." பிறகு சிங்களத்தில், "நீங்கள் லைனிலேயே இருந்து ரவுட்டரின் மூளையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"சரி சேர். நான் பார்க்கிறேன். ஏறினால் கத்துவேன்" என்றார் ருவன். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உத்தரவு வரட்டும் என்று தொலைபேசியை வைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

சேர் என் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் தொறக்க வேணாம். யாருக்கு வேணும்? எது வேணும்? அத மட்டும்."

எழுதினேன். இந்த வைத்தியசாலை முகவரியிலிருந்து அந்த நிபுணரின் முகவரிக்கும், அங்கிருந்து இங்கேயும், துண்டு ஹெடர் உள்ள பாக்கெட் போகலாம். ருவனின் விதிக்கு மேலே இதை வைத்தேன். எங்கள் ரவுட்டரில் ஒரு நல்ல வசதி உண்டு. மாற்றத்தைப் போட்ட பிறகு, குறித்த நேரத்துக்குள் 'உறுதி' என்று மறுபடி சொல்லாவிட்டால் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாமே நம்மைப் பூட்டிக்கொண்டாலும் கதவு திரும்பத் திறக்கும். அந்தக் கெடுவையும் வைத்தேன். ஒரு முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்து, அழித்து, மறுபடி அடித்தேன். தாஹிர் சேர் அவசரமில்லாமல் உதடு அசையப் படித்தார். முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அந்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

"இப்ப அமத்துங்க."

தட்டினேன். "ஏறவில்லை" என்றார் ருவன். "அசையவே இல்லை, அக்கே." அதே நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு பெண் தாதியின் குரல், "டொக்டர், பச்சை லைட் வந்திரிச்சு! வந்திரிச்சு!" என்றது. நான் கதிரையில் சாய்ந்தேன்.

சாய்ந்த முதுகு நிமிர்வதற்குள் மயூரன் தொலைபேசிக்கு வந்துவிட்டார். "அக்கா, டனல் எழும்பிட்டுது. ஆனா படம் போகேல்லை. அங்கால நிபுணருக்குத் திரை கறுப்பாத்தான் இருக்காம்."

தாஹிர் சேர் திரையைப் பார்த்தார். பிறகு, "டனலுக்குள்ள போற பாக்கெட் எப்படி ஈக்கும்? வெளிய இருந்து பாத்தா?" என்று மெல்லக் கேட்டார்.

அப்போது பளிச்சென்று பட்டது. சான்றிதழ் காட்டி உள்ளே போவது ஒரு வேலை. உள்ளே போன பிறகு படத்தைச் சுமப்பது வேறு வேலை. படம் பூட்டிய பாக்கெட்டில்தான் போகும். 'உள்ளே இருப்பது பூட்டப்பட்டது' என்று அதன் முன்னால் தனியே ஒரு ஹெடர் இருக்கும். ருவனின் விதிக்கு அதுவும் வேண்டாத ஹெடர்தான். துண்டுகளுக்குத் திறந்த வழியில் அதற்கு இடமில்லை.

இன்னொரு வரி எழுதினேன். சேர் படித்தார். "அமத்துங்க." ருவன், "நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை இந்த முறை குதித்துக் குதித்து ஏறியது. படம் போகிறது.

மயூரன் தொலைபேசியை ஸ்பீக்கரிலேயே வைத்துவிட்டார். எங்களை மறந்தும் விட்டார். அதனால் அந்த அறையில் நடந்ததெல்லாம் எங்களுக்குக் கேட்டது. நிபுணரின் குரல் திரையிலிருந்து வந்தது: கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கீழே, அப்படியே நிறுத்துங்கள். பிறகு தெளிவாக, "ஊசி போட வேண்டாம். அது மாரடைப்பு இல்லை. இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருக்கிறது. அது இதயத்தை நெரிக்கிறது. இப்போதே எடுக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கள்" என்றார்.

"நான் இதைத் தனியச் செய்ததில்லை சேர்" என்றார் மயூரன்.

"தனியாக இல்லையே. நான் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

அதன் பிறகு வெகுநேரம் சின்னச் சின்ன ஓசைகள் மட்டும். எங்கள் அறையில் மற்ற மேசைக்காரர்களும் எழுந்து வந்து நின்றார்கள். ருவன் அங்கே மூச்சு விடுவது கேட்டது. தாஹிர் சேர் ஜன்னலோரம் போய் நின்றார். அவருடைய உதடு அசைந்தது, இந்த முறை அவர் படித்தது என் கட்டளையை அல்ல. நான் கழுத்திலிருந்த மாதாவின் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கெடு முடிவதற்குள் உறுதி கொடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, கொடுத்தேன்.

"வருது" என்றார் மயூரன். "தண்ணி வருது. வருது."

சிறிது நேரத்தில் தாதி பிரஷரைப் படித்துச் சொன்னார். இன்னும் சிறிது நேரத்தில், அந்தப் பெண்ணின் குரல், பலவீனமாக, ஆனால் தெளிவாக, "எனக்குக் குளிருது, அந்தக் கதவ யாராச்சும் சாத்துங்களேன்" என்றது. எங்கள் அறையில் யாரோ சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். நான் அழுதேன்.

பின்னேரம் தலைமைக் காரியாலயத்தின் அனுமதி முறைப்படி வந்து சேர்ந்தது. அடுத்து வந்த வாரங்களில் நாங்கள் செய்த வேலை இப்போது கதையாகச் சொல்லும் அளவுக்குச் சுவையானதில்லை. மேலதிக ஹெடர்களை ஒவ்வொரு வகையாக எடுத்து எண்ணினோம். 'நின்று படி' என்ற ஹெடர் வெளிநாட்டு வாசலில் வந்தால் கொட்டுவது, உள்ளே வாடிக்கையாளர் பக்கத்தில் கட்டுப்படுத்தி விடுவது. பாதையைத் தானே தீர்மானிக்கும் பழைய வகையை எங்கும் கொட்டுவது. துண்டுகளையும் பூட்டிய பாக்கெட்டுகளையும் போக விடுவது. அறியாத வகைகளை எண்ணிக்கொண்டே இருப்பது. பர்வினுக்கு நான் அனுப்பிய ஒரு பக்கமும் இதுதான்.

தாஹிர் சேரைக் கொழும்புக்கு விளக்கம் கேட்கக் கூப்பிட்டார்கள். அனுமதி வருமுன் மாற்றம் செய்தது செய்ததுதானே. அவர் காலை ரயிலில் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இருக்கவில்லை; இந்த வயதில் இவருக்கு ஒரு கறை வந்துவிடுமோ என்று பயந்தேன். மறுநாள் வழக்கம் போல் குடையை அறையில் வைத்துவிட்டு வந்து, ப்ளேன்டியை எடுத்தார்.

"என்ன சேர் சொன்னாங்க?"

"கொஞ்சம் ஏசினாங்க. ஏசத்தான் வேணும். பொறகு, அந்த விதிய எல்லா மாகாணத்துக்கும் எழுதித் தரச் சொன்னாங்க." கருப்பட்டியைக் கடித்தார். "நான் எழுதல்லையே, ஸ்டெல்லாதானே எழுதினது, அவங்களக் கேளுங்கண்டு சொல்லிட்டு வந்தேன்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தக் கூட்டத்தில் என்ன நடந்ததென்று ருவன் பிற்பாடு எனக்குச் சொன்னார். விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டபோது தாஹிர் சேர் தன்னுடைய பெயரைச் சொன்னாராம். நல்லபடி முடிந்தது யாரால் என்று கேட்டபோது என்னுடைய பெயரையும், அதற்கு அடுத்து ருவனுடைய பெயரையும் சொன்னாராம். நான் பின்னாளில் மலைநாட்டுப் பகுதிக்கே பொறுப்பாளராக ஆனதற்கு அந்த ஒரு பதில்தான் வழி திறந்தது. அவரிடம் இதைச் சொல்லி நன்றி கூறியபோது, "அப்படியா? எனக்கு ஞாபகமில்லையே" என்றார். அவர் இப்போது அக்குறணையில் மிளகுக் கொடி வளர்க்கிறார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் நான் போவேன். இன்னமும் அவருக்கு ஞாபகமில்லையாம்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து அந்த வைத்தியசாலைக்கு நான் முதன்முறையாக நேரில் போனேன். அன்டெனாவை மாற்ற வேண்டியிருந்தது. நல்ல வெயில். மயூரன் மாற்றலாகி வவுனியாப் பக்கம் போய்விட்டிருந்தார். தாதி மட்டும் அதே ஆள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். நாங்கள் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கிளினிக்குக்கு வந்திருந்த ஒரு பெண் கொழுந்துக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு எங்களை நோக்கி விறுவிறுவென்று வந்தார். தாதி என் காதருகே, "அந்த மழை நாள் அம்மா இவங்கதான் மேடம், புஷ்பராணி" என்றார்.

நான் யாரென்று தாதி சொல்லிவிடுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

புஷ்பராணி இடுப்பில் கைவைத்து நின்று, கூரை மேலிருந்த அன்டெனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானா இந்த டவர் ஆளுங்க?" என்றார்.

"ஆமாங்க."

"நல்லா இருக்கு ஒங்க வேலை! எங்க மேல் லயத்துல ஒரு கோடு கூட சிக்னல் இல்ல. எம் மக கொழும்புல கடையில நிக்குது, அது கிட்ட ரெண்டு வார்த்தை பேச நான் மலையேறி கோயில் கிட்ட வரணும். மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வந்து பேசுனா, 'ஹலோ, ஹலோ'ன்னு கட்டாயிருது. யாரு கிட்ட சொல்றது இத? வர்றீங்க, கூரையில ஏறுறீங்க, போறீங்க. எங்க பக்கம் ஒரு தடவ வந்து பாத்தீங்களா?"

தாதி பதறி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தக் குரல் இன்னும் உயர வேண்டும் போல எனக்கு ஆசையாக இருந்தது. கோபத்தில் கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு விடாமல், இதயம் அடிக்க அடிக்க ஒரு பெண் என்னை ஏசிக்கொண்டிருந்தார்.

கைத்தொலைபேசி இணைப்பு எங்கள் கம்பனியின் பொறுப்பில் இல்லை. அதைச் சொல்லி விலகியிருக்கலாம், சொல்லவில்லை. "வாங்க, இப்பவே போய் பாப்போம். வழியக் காட்டுங்க" என்றேன்.

அவர் கூடையை எடுத்துத் தலையில் பட்டியை மாட்டிக்கொண்டார். மேல் லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் திரும்பித் திரும்பி நின்று, "மெதுவா வாங்க, மெதுவா வாங்க" என்று சொல்லியபடி முன்னால் ஏறிப் போனார்.